நரம்பு

கண்ணாடியில் முகம் பார்க்கும்போது மூக்கோரம் நூலிழையாய் ஒரு சிவப்புக் கோடு. 'நரம்பு தெரியுது' என்கிறோம். மருத்துவப்படி அது நரம்பு அன்று. விரிந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்.

பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். மலையாளத்தில் ஞரம்பு, தெலுங்கில் நரமு. உடலிலோ இலையிலோ இழைபோல் நீண்டோடுவதை எல்லாம் நரம்பு என்பது மக்கள் வழக்கு. இக்கால மருத்துவத் தமிழ் அச்சொல்லை உணர்ச்சி கடத்தும் இழைக்கு ஒதுக்கி, இரத்தக் குழாய்களுக்குத் தமனி, சிரை, தந்துகி என்ற வடமொழி வழிச் சொற்களை வைத்தது. 'தந்து' என்றால் நூல்; நூலளவு மெல்லிய குழாய் தந்துகி.

முகத்தில் தெரியும் கோட்டுக்கு மருத்துவர் சொல்லும் பெயர் 'டெலாஞ்சியெக்டேசியா'. முனை, குழாய், விரிவு என்ற மூன்று கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. விரலால் அழுத்தினால் கோடு மறையும்; விரலை எடுத்ததும் மறுபடி சிவக்கும். உள்ளே ஓடுவது இரத்தம் என்பதற்கு அதுவே சாட்சி.

வெயில், முதுமை, ரோசேசியா என்ற தோல் நோய், பரம்பரை ஆகியவை காரணங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நெடுநாள் முகத்தில் பூசுவதும் ஒன்று. கோட்டை நீக்க லேசர் சிகிச்சை உண்டு: லேசர் ஒளியை இரத்தச் சிவப்பணு உறிஞ்ச, அந்தச் சூட்டில் குழாய் மூடிக்கொள்ளும். சில அமர்வுகள் தேவைப்படலாம். புதிய கோடுகளும் தோன்றலாம்.

'நரம்புத் தளர்ச்சி' என்று அஞ்சி டானிக் தேடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் எழுதித் தராத சிவப்பழகுக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கலாம்; அதை நிறுத்துவது பற்றியும் அவரிடமே கேளுங்கள்.