ரிமோட் காருக்கு அரை லட்சமா? ஆர்டர் போடும் முன் உங்க ஊர் மண்ணைப் பாருங்க!

ரீல்ஸ்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு ஜீப், ஒவ்வொரு சக்கரமாக ஊன்றி ஊன்றிப் பாறை மேல் ஏறும். அடுத்த வீடியோவில் இன்னொரு கார், மண்ணை வாரி இறைச்சுக்கிட்டு ஆளுயரத்துக்கு எகிறும். ரெண்டையும் பத்து தடவை பார்த்த பிறகு விலையைத் தேடுவீங்க. அரை லட்சம்! 'இந்தக் காசுக்குப் பழைய பைக்கே வாங்கலாமே' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால், பெரிய நஷ்டம் விலையில் இல்லை. தப்பான காரை வாங்கினால், மூணாவது மாசம் அது பரண் ஏறிவிடும். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் செங்கம் மாதிரி ஊர்களில் இருந்து வாங்குபவர்களுக்கு இந்த ரிஸ்க் இன்னும் அதிகம். கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்க முடியாது. ஒரு சின்ன கியர் உடைந்தாலும் கூரியர் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் வேகம், பிராண்டு எல்லாம் அப்புறம். முதலில் ரெண்டே கேள்வி. எங்கே ஓட்டப் போறீங்க? உடைஞ்சா எப்படிச் சரி பண்ணப் போறீங்க?

பொம்மைக் கார் வேற, ஹாபி கார் வேற

திருவிழாக் கடையில் வாங்கும் ரிமோட் காருக்கு ரெண்டே நிலைதான். பட்டனை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்தால் கதை முடிந்தது.

ஹாபி கார் அப்படி இல்லை. ரிமோட்டில் துப்பாக்கி மாதிரி ஒரு டிரிகர் இருக்கும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். ஸ்டீயரிங்கும் அப்படித்தான், கால்வாசி திருப்பினால் சக்கரம் கால்வாசிதான் திரும்பும். ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல், பேரிங் என நிஜக் காரில் இருப்பதெல்லாம் சின்ன அளவில் இதிலும் உண்டு. முக்கியமான வித்தியாசம், ஒவ்வொரு பாகமும் தனியாக விலைக்குக் கிடைக்கும்.

இந்த ஹாபிக்கு நல்ல வயசும் ஆகிறது. ஜப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷே 934 மாடலைத் தன் முதல் ரிமோட் காராக 1976-ல் வெளியிட்டது. இன்று டிராக்சஸ், ஆக்ஸியல், அர்மா, லோசி, கியோஷோ எனப் பல பிராண்டுகள் களத்தில் இருக்கின்றன.

முதலில் மண்... அப்புறம்தான் மாடல்

ஹாபி கார்களை மேலோட்டமாக நாலு வகையாகப் பிரிக்கலாம்.

ஆன்ரோடு, டிரிஃப்ட் கார்கள்: தரையை ஒட்டி ஓடுபவை. வழவழப்பான தார், சிமென்ட் தளம் வேண்டும். ஒரு கூழாங்கல் போதும், கவிழ்ந்துவிடும்.

பக்கி: தாழ்வான உடம்பு, மண்ணில் நல்ல வேகம். ஓரளவு சமமான பெரிய மைதானம் தேவை.

மான்ஸ்டர் டிரக், ஷார்ட் கோர்ஸ் டிரக்: பெரிய டயர். மேடு, பள்ளம், எகிறல் எல்லாம் தாங்கும். ஆனால், எகிறி எகிறி ஓட்டினால் பாகங்கள் உடைந்துகொண்டே இருக்கும்.

கிராலர்: நடக்கும் வேகம்தான். பாறை, வேர், மணல் எதுவானாலும் ஏறி இறங்கும்.

இப்போ செங்கத்தைச் சுற்றி என்ன இருக்கு என்று யோசிங்க. வருஷத்தில் பல மாதம் மணலும் கல்லுமாகக் கிடக்கும் செய்யாறு. கோடையில் வற்றிக் காய்ந்த ஏரிகள். கடலை பிடுங்கிய பிறகு சும்மா கிடக்கும் செம்மண் நிலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. வழவழப்பான தார் என்றால், திண்டிவனம் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைதான். அங்கே பஸ்ஸும் லாரியும் ஓடும், நம்ம கார் ஓடக் கூடாது.

ஆக, இந்த ஊருக்கு ஆன்ரோடு கார் வேஸ்ட். முதல் காராக கிராலர்தான் சரியான சாய்ஸ். காரணம் எளிது. வேகம் குறைவு என்பதால் உடைவது குறைவு, உடைவது குறைவு என்பதால் கூரியருக்குக் காத்திருப்பதும் குறைவு. ஒரு பாறைக் குவியலே போதும், மைதானம் தேட வேண்டாம். ஒரே பாறையில் பத்து வழி கண்டுபிடிக்கலாம். மலையடிவாரத்தில் அதற்கா பஞ்சம்?

'எனக்கு ஸ்பீடுதான் வேணும்' என்பவர்கள், நாலுசக்கர இழுவை உள்ள மான்ஸ்டர் டிரக்கைப் பாருங்கள். ஆனால், அதை ஓட்டக் காய்ந்த ஏரி அளவுக்கு இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

1/10, 1/18, 1/24... இந்த நம்பர் என்ன?

நிஜ வண்டியோடு ஒப்பிட்ட அளவு அது. 1/10 என்றால் பத்தில் ஒரு பங்கு, கார் சுமார் அரை மீட்டர் நீளம் இருக்கும். பாகங்கள் அதிகம் கிடைப்பதும் இந்த அளவுக்குத்தான்.

1/10 கிராலரில் டிராக்சஸ் டி.ஆர்.எக்ஸ்-4, ஆக்ஸியல் எஸ்.சி.எக்ஸ்-10 ஆகியவை பெயர் பெற்றவை. 2017-ல் வந்த டி.ஆர்.எக்ஸ்-4-ல் இரண்டு கியர் உண்டு. டிஃபரன்ஷியலை ரிமோட்டிலேயே லாக் செய்யலாம். இதன் அச்சு, சக்கரத்தின் மையத்தைவிட உயரமாக இருக்கும். அதனால் கல்லில் அடி தட்டாது.

இந்த ஹாபி நமக்கு ஒத்துவருமா என்று சந்தேகம் இருந்தால், சின்ன அளவில் ஆரம்பிக்கலாம். டி.ஆர்.எக்ஸ்-4எம் 1/18, எஸ்.சி.எக்ஸ்-24 என்பது 1/24. மொட்டை மாடியில் நாலு செங்கல், ரெண்டு மரக்கட்டை போட்டாலே இவற்றுக்கு மலை ரெடி. விலையும் பெரிய காரைவிடப் பல மடங்கு குறைவு. மூணு மாசம் ஓட்டியும் ஆசை குறையவில்லை என்றால், பெரிசுக்குப் போங்க.

மோட்டார்: எது நல்லது?

பிரஷ்டு மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசித் தேயும். ஆனால், விலை குறைவு, மாற்றுவது சுலபம், மெதுவான ஓட்டத்துக்கு நல்ல கட்டுப்பாடு தரும். கிராலருக்கு இதுவே போதும்.

பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த உரசல் இல்லை. வேகமும் ஆயுளும் அதிகம், விலையும் அதிகம். வேக வண்டிக்கு இதுதான்.

ஒரு கணக்கு சொல்லட்டுமா? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மோதும் கார், சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் என்ன அடி வாங்குமோ, அதே அடியை வாங்கும். அதாவது நாலு மாடி! 4 கிலோ எடையுள்ள வண்டி ஒரு குழந்தையின் காலில் அந்த வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தெருவில் வேக வண்டியை ஓட்டக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பேட்டரியில் மட்டும் அசட்டை வேண்டாம்

உயர்ரகக் கார்களில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரிதான். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். '2 எஸ்' என்றால் ரெண்டு செல், 7.4 வோல்ட். '3 எஸ்' என்றால் 11.1 வோல்ட். உங்கள் கார் எத்தனை எஸ் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி போட்டால், வேக வண்டி கால் மணி நேரம் ஓடும். கிராலர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

இந்த பேட்டரியைத் தப்பாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். சில விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றணும்.

* ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன் செய்யும் பேலன்ஸ் சார்ஜரைத்தான் பயன்படுத்தணும். செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

* 5,000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வைக்க வேண்டாம்.

* செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. காரின் வேகக் கட்டுப்பாட்டு யூனிட்டில் 'லிப்போ' செட்டிங் இருக்கும். அதை ஆன் செய்தால், சார்ஜ் குறையும்போது வண்டி தானாக நின்றுவிடும்.

* சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவோ, வெளியே போகவோ கூடாது. மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் வைக்காமல், வெறும் சிமென்ட் தரையில் வையுங்கள்.

* ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள்.

* உப்பிய பேட்டரிக்கு இரண்டாவது சான்ஸ் கிடையாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். நிறுத்தியதும் மோட்டாரில் விரலை வையுங்கள். மூணு செகண்ட் தாங்க முடியவில்லை என்றால், வண்டிக்கு ஓய்வு கொடுங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

விலைச்சீட்டில் தெரியாத செலவு

அமெரிக்காவிலேயே டி.ஆர்.எக்ஸ்-4 சுமார் 500 டாலர். அதில் பேட்டரியும் சார்ஜரும் சேராது. இங்கே வரும்போது விலை இன்னும் ஏறும். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020 பட்ஜெட் 20 சதவிகிதத்தில் இருந்து 60 ஆக உயர்த்தியது. 2023 பட்ஜெட் அதை 70 ஆக்கியது. 40,000 ரூபாய்ப் பொருளுக்கு வரி மட்டும் 28,000. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேற. வெளிநாட்டு வெப்சைட்டில் விலையைப் பார்த்துவிட்டு 'இங்கே ஏமாத்துறாங்க' என்று நினைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதனால், கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் காருக்கே போட்டுவிடாதீர்கள். மூணில் ரெண்டு பங்கு காருக்கு. மீதி பேட்டரி, நல்ல சார்ஜர், டூல்ஸ், ஸ்பேர் பார்ட்ஸுக்கு. 50,000 ரூபாய் இருந்தால் 33,000-க்குள் கார் தேடுங்கள். அதற்குள் பெரிய பிராண்டு கிடைக்கவில்லையா? சின்ன அளவுக்கு இறங்குங்கள், அல்லது இன்னும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். பேட்டரி வாங்கக் காசில்லாமல் அலமாரியில் நிற்கும் காரால் என்ன பிரயோஜனம்?

ஆர்டருக்கு முன் ஒரு டெஸ்ட்

பிடித்த மாடலின் பெயரோடு ஐந்து பாகங்களை ஆன்லைனில் தேடுங்கள். சர்வோ, பெரிய பல்சக்கரம் (ஸ்பர் கியர்), டிரைவ் ஷாஃப்ட், சஸ்பென்ஷன் கை, டயர். ஐந்தில் நாலாவது இந்தியக் கடைகளில் ஸ்டாக் இருக்கணும். இல்லை என்றால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கிராலரில் முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் ஸ்டீயரிங் சர்வோதான். காரோடு சேர்த்தே ஒன்று வாங்கி வையுங்கள்.

செகண்ட்ஹேண்ட் என்றால், ஓடும் வீடியோவைக் கேளுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கரகர சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரியை மட்டும் வாங்காதீர்கள்.

ரிப்பேருக்கு 1.5, 2, 2.5 மி.மீ. எல்-கீ, ஸ்குரூ லூஸ் ஆகாமல் இருக்க நீல நிற த்ரெட்லாக், இவ்வளவுதான் ஆரம்பத்துக்கு. வயர் அறுந்தால் மொபைல் சர்வீஸ் கடை அண்ணனிடம் கொடுத்து சால்டரிங் செய்துகொள்ளலாம். தடிமனான வயர் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செம்மண் புழுதியைப் பஞ்சர் கடையில் தள்ளி நின்று காற்று அடித்து எடுக்கலாம். ஷாக் அப்சார்பரில் சிலிகான் ஆயில்தான் ஊற்றணும். பைக் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெட்டுப்போகும்.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது?

ஜவ்வாது மலை கிராலருக்குச் சொர்க்கம் மாதிரி தெரியும். ஆனால், காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். காரோடு போனாலும் அதே சட்டம்தான். மலை ஏறாமல் அடிவாரத்திலேயே ஓட்டுங்கள்.

செய்யாற்றில் இறங்கும் முன் குப்பநத்தம் அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். அடுத்தவர் நிலம் என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆடு, மாடு மேய்ந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். மிரண்டு ஓடும் மாட்டுக்குப் பின்னால் ஓடப்போவது அந்தத் தாத்தாதான்.

இந்த ரிமோட்டுகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால், சிக்னல் அறுந்தால் கார் தானாக நிற்கிறதா என்பதை முதல் நாளே சோதியுங்கள். காரைத் தூக்கிப் பிடித்து, சக்கரம் சுற்றும்போது ரிமோட்டை ஆஃப் செய்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஆர்டர் பட்டனை அழுத்தும் முன், ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா ஒரு நடை போயிட்டு வாங்க. வீட்டில் இருந்து பத்து நிமிஷத்துக்குள், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஓட்ட ஓர் இடம் கண்ணில் பட்டால், அந்த மண்ணுக்கு ஏற்ற காரை வாங்குங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லையா? மொட்டை மாடியும் ஒரு குட்டி கிராலரும் போதும். அரை லட்சம் பத்திரமாகப் பேங்க்கிலேயே இருக்கட்டும்!