எல்லாரும் படித்தார்கள்... யாரும் எடுத்து வைக்கவில்லை! (இந்து நேசன் கதை)

தேனியில் இருந்து கம்பம் ரோட்டில் பழனிசெட்டிபட்டி வரை போகிறவர்கள் வழியில் உள்ள பெட்டிக்கடைகளைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். கடை முன்னால் கயிற்றில் பத்திரிகைகள் தொங்கும். கீழே ஒரு தட்டி. அதில் மாலைப் பேப்பரின் போஸ்டர். "பிரபல நடிகை..." என்று ஆரம்பித்து மூன்று புள்ளியோடு நின்றுவிடும். மீதியைத் தெரிந்துகொள்ள காசு கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள், படிக்கிறார்கள், "சே, இதெல்லாம் ஒரு நியூஸா" என்று திட்டுகிறார்கள். மறுநாள் அதே பேப்பர் டீக்கடையில் வடைக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டு இருக்கும்.

இப்படி ஒரே நாளில் செத்துப் போகிற ஒரு பத்திரிகை, தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டாரையும் முதல் பெரிய நகைச்சுவை நடிகரையும் ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறது. நடத்தியவர் கொலை செய்யப்பட்டார். அந்தக் கொலை இன்றைக்கும் முடிச்சு அவிழாத மர்மம். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்கும் காரணமான அந்தப் பத்திரிகையின் பிரதிகளைப் பார்ப்பது இன்று மிக மிக அரிது!

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்றால் தாத்தா பாட்டிகளுக்கு உடனே தெரியும். கொலை, கோர்ட், பாகவதரின் வீழ்ச்சி என்று அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் கதையின் நடுவில் இருக்கும் பத்திரிகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

மஞ்சள் எங்கிருந்து வந்தது?

"மஞ்சள் பத்திரிகை" என்ற பெயர் நம் ஊர்ச் சரக்கு இல்லை. 1890-களில் நியூயார்க்கில் ஜோசப் புலிட்சரும் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டும் போட்டி போட்டுக்கொண்டு பரபரப்புச் செய்தி போட்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையனின் கார்ட்டூன் இரண்டு பேர் பத்திரிகையிலும் வந்தது. அந்தப் பையனை வைத்துத்தான் இந்தப் பெயர்.

ஆனால் விஷயம் அதற்கு முன்பே இந்தியாவில் இருந்தது. 1780 ஜனவரி 29-ல் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி ஆரம்பித்த "பெங்கால் கெஜட்" தான் இந்தியாவின் முதல் செய்தித்தாள். அதில் கம்பெனி அதிகாரிகளின் ஊழலும் வந்தது, அவர்களின் அந்தரங்க வம்பும் வந்தது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே ஹிக்கி விட்டுவைக்கவில்லை. வழக்கு, சிறை, கடைசியில் 1782-ல் அச்சு எழுத்துக்களையே பறிமுதல் செய்துவிட்டார்கள். அதாவது நம் நாட்டுப் பத்திரிகைத் தொழில் பிறந்ததே பாதி வம்பு, பாதி உண்மை என்ற கலவையில்தான். எது வம்பு, எது உண்மை என்று இன்றைக்கு ஆராய முடிகிறது. ஏனென்றால் ஹிக்கியின் பத்திரிகைப் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் உட்பட சில இடங்களில் இருக்கின்றன.

சினிமா தூது முதல் இந்து நேசன் வரை

சி.என். லட்சுமிகாந்தன் வக்கீலாக ஆசைப்பட்டு, அது முடியாமல் கோர்ட்டுகளைச் சுற்றித் திரிந்து, போலிப் பத்திர வழக்கில் சிறை சென்று வந்தவர் என்று அவரைப் பற்றி எழுதிய எல்லாரும் சொல்கிறார்கள். 1943-ல் அவர் "சினிமா தூது" என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கைதான் அதன் சரக்கு.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு. பத்திரிகை நடத்த அரசு அனுமதி வேண்டும். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். 1944-ல் சினிமா தூதின் அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. "இந்து நேசன்" என்ற பத்திரிகையை எடுத்து அதே வேலையைத் தொடர்ந்தார். இந்த முறை சினிமாக்காரர்களோடு பணக்காரர்கள், பெரிய மனிதர்கள் என்று வலை விரிந்தது.

ஒரு விசித்திரமான வரவு செலவுக் கணக்கு

சாதாரணப் பத்திரிகைக்கு வருமானம் இரண்டு வழியில் வரும். ஒன்று விற்பனை, இன்னொன்று விளம்பரம். வம்புப் பத்திரிகைக்கு மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: அச்சிடாமல் இருப்பதற்கு வாங்கும் பணம்!

யோசித்துப் பாருங்கள். எந்தக் கடையிலும் சரக்கை வெளியே வைத்தால்தான் விற்பனை. இங்கே சரக்கை உள்ளே வைத்திருப்பதற்கு விலை. அப்படியானால் அச்சாகி வந்த இதழ் எதற்கு? அடுத்தவருக்கு அது ஒரு எச்சரிக்கை. "நாங்கள் போடுவோம்" என்று காட்டும் விளம்பரம். லட்சுமிகாந்தன் இப்படிப் பணம் வாங்கினார் என்பதுதான் அவர் மேல் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு.

இதில் வாசகனுக்கும் பங்கு உண்டு. நூறு பேர் படிக்காத பத்திரிகையைக் கண்டு யாரும் பயப்படப் போவதில்லை. பயம் இல்லை என்றால் பணமும் இல்லை. ஆகவே ரகசியமாக வாங்கிப் படித்த ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மிரட்டலுக்கு முதல் போட்டவர்கள். ஆனால் வாங்கியதை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மனைவி பார்த்தால்? அப்பா பார்த்தால்? படித்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

நவம்பர் 8, 1944

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே லட்சுமிகாந்தன் மேல் ஒரு தாக்குதல் நடந்திருந்தது. நவம்பர் 8-ம் தேதி அவர் தன் வக்கீலைப் பார்த்துவிட்டு வேப்பேரி பகுதியில் கை ரிக்‌ஷாவில் வந்துகொண்டிருந்தார். வழியில் மறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

போலீஸ் கைது செய்தவர்களில் மூன்று பெயர்களைக் கேட்டு ஊரே ஆடிப்போனது. பாகவதர், என்.எஸ்.கே., ஸ்ரீராமுலு நாயுடு. கவர்னரிடம் மனு கொடுத்த அதே மூவர். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னால், ஜூரிகளோடு விசாரணை. நாயுடுவுக்காக பம்பாயிலிருந்து கே.எம். முன்ஷி வந்து வாதாடினார். 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள் தண்டனை. அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் செய்த அப்பீலும் தள்ளுபடி. விஷயம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கச் சொல்லி சென்னைக்கே திரும்பி வந்தது. வி.எல். எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியங்கள் நம்பும்படி இல்லை என்று சொல்லி 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தார்கள்.

இந்தக் காலத்தில் சென்னை பிராட்வே தியேட்டரில் என்ன ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? "ஹரிதாஸ்". கொலைக்கு மூன்று வாரம் முன்னால், 1944 தீபாவளிக்கு வந்த படம். பாகவதர் கதாநாயகன், என்.எஸ்.கே. நகைச்சுவை. மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெயர். திரையில் இருவரும் பாடிக்கொண்டும் சிரிக்க வைத்துக்கொண்டும் இருந்தார்கள், நிஜத்தில் கம்பிக்குள். அந்த ஓட்டம் முடிந்த நாளில்கூட இருவரும் வெளியே வரவில்லை!

வெளியே வந்த பிறகு என்.எஸ்.கே. எழுந்து நின்றார். 1949-ல் அண்ணா வசனத்தில் "நல்லதம்பி" வந்தது. பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. 1948-ல் "ராஜமுக்தி", 1952-ல் "அமரகவி" என்று நடித்த படங்கள் கைகொடுக்கவில்லை. 1957-ல் என்.எஸ்.கே. மறைந்தார், 1959-ல் பாகவதர் மறைந்தார். விடுதலையான ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் எம்.ஜி.ஆரை வைத்து "மலைக்கள்ளன்" எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காணாமல் போனவர் யார்?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாகவதரின் "ஹரிதாஸ்" இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. என்.எஸ்.கே.யின் நகைச்சுவை கிடைக்கிறது. வழக்கு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. லட்சுமிகாந்தன் பக்கம் என்ன இருக்கிறது? அவர் எழுதியதுதான் இருக்க வேண்டும். அதுதான் இல்லை.

"அவதூறு எழுதினார்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் அந்த இதழ்களைக் கையில் வைத்துப் படித்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். அவர் எழுதியதில் எவ்வளவு பொய், எவ்வளவு உண்மை? யார் யாரைப் பற்றி எழுதினார்? பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் தவிர அவர் மேல் கோபம் கொள்ளக் காரணம் உள்ளவர்கள் எத்தனை பேர்? கோர்ட் குற்றவாளி இல்லை என்று சொன்ன பிறகு, உண்மையில் செய்தது யார் என்ற கேள்விக்கு முதல் தடயமாக இருந்திருக்க வேண்டியது அந்த இதழ்கள்தான். மிரட்டல் பத்திரிகை என்பதாலேயே அது எதிரிகளின் பட்டியலும்கூட அல்லவா?

இது லட்சுமிகாந்தனுக்கு வக்காலத்து இல்லை. மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம்தான். ஆனால் ஒருவரின் எழுத்தைப் பார்க்காமல் அந்த எழுத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வது எப்படிச் சரியாகும்?

குப்பை என்று நினைத்ததெல்லாம்...

மலிவானது எதையும் யாரும் சேர்த்து வைப்பதில்லை. இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். லண்டன் பி.பி.சி. 1960, 70-களில் பழைய நிகழ்ச்சிகளின் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. அதனால் "டாக்டர் ஹூ" என்ற புகழ்பெற்ற தொடரில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் இன்று இல்லை. தூர்தர்ஷனிலும் டேப்பின் மேலேயே டேப் பதிவு செய்த காலம் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" (1931) பிரிண்ட்டே இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது 1964-ல்தான்.

பத்திரிகைக்கும் இதே கதை. வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் சென்னை கன்னிமாரா உட்பட நான்கு பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டம் 1954-ல் வந்தது. செய்தித்தாள், பத்திரிகைகளை அதில் சேர்த்தது 1956-ல். லட்சுமிகாந்தன் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து!

சட்டம் செய்யாததைச் சில தனி மனிதர்கள் செய்தார்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். போர்டு எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதை எல்லாம் வீடு நிறையச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அதை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சினிமா பக்கத்தில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அதே வேலையைச் செய்தார். இப்படி இன்னும் நாலு பேர் 1944-ல் சென்னையில் இருந்திருந்தால்?

இன்றைக்கு?

இன்று மாலைப் பேப்பர் போஸ்டரின் வேலையை செல்போன் செய்கிறது. "பிரபல நடிகை..." என்ற அதே மூன்று புள்ளி இப்போது வீடியோ தலைப்பில் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் ஒரு பட்டனில் வீடியோவைத் தூக்கிவிடலாம். பார்த்த லட்சம் பேருக்கும் ஞாபகம் இருக்கும், என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி இருக்காது. பழி சுமந்தவரால் தன் பெயரைத் துடைத்துக்கொள்ள முடியாது. உண்மையைச் சொன்னவராலும் நிரூபிக்க முடியாது. இந்து நேசனில் நடந்ததும் இதுவேதான்.

ஆகவே வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில் விரித்த காகிதமாக எதாவது கிடைத்தால் எடைக்குப் போடும் முன் ஒரு தடவை தேதியைப் பாருங்கள். 1943, 44 என்று இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். எண்பது வருடமாகப் பதில் இல்லாத ஒரு கேள்வி அந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கிறது.