புகையில்லாப் புகையிரதம்

இரும்புப் பாதையில் ஓடும் வண்டிக்குப் புகையிரதம் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். நிலக்கரி எரிய, நீர் ஆவியாக, கரும்புகை வானோக்கி எழ அது ஓடியதைக் கண்டவர்கள் வேறென்ன பெயர் இடுவர்? ஆயின் அப்புகையே பிற்காலத்தில் அதற்குப் பகையாயிற்று. மின்சாரத்தால் ஓடும் எஞ்சின் எவ்வாறு தோன்றியது, தோன்றிய பின்னும் ஏன் அரை நூற்றாண்டு காத்திருந்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரைச் சேர்ந்த றொபேட் டேவிட்சன். மின்கலங்களால் இயங்கும் எஞ்சின் ஒன்றை அமைத்து, அதற்குக் 'கல்வானி' எனப் பெயரிட்டு, 1842ஆம் ஆண்டில் எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையிலான இருப்புப் பாதையில் ஓட்டிக் காட்டினார். அதன் வேகம் மணிக்கு 4 மைல். கால்நடையாகச் செல்பவனும் அதனோடு கூடச் செல்லலாம். எனினும் நீராவி எஞ்சின் தொழிலாளர் தம் பிழைப்புக்குக் கேடு வருமென அஞ்சி அதனை உடைத்தெறிந்தனர் என்று சொல்லப்படுகிறது.

தொழிலாளரின் சுத்தியல் மட்டும் கல்வானியை வீழ்த்தவில்லை. மின்கலத்தில் மின்சாரம் பிறக்க வேண்டுமாயின் துத்தநாகம் கரைந்து செலவாக வேண்டும். நிலக்கரியோ அதனிலும் மிக மலிவானது. அமெரிக்காவிலே சார்ள்ஸ் பேஜ் என்பவர் அரசாங்கம் வழங்கிய 20,000 டொலரைக் கொண்டு அமைத்த எஞ்சின், 1851இல் வாஷிங்டனிலிருந்து புறப்பட்டு மணிக்கு 19 மைல் வேகத்தை எட்டியது. ஆனால் ஓட்டத்தின் அதிர்ச்சியைத் தாங்காது மின்கலங்கள் வழியிலேயே பழுதுற்றன. மின்சாரத்தை உண்டாக்கும் பொருளை எஞ்சினே சுமந்து செல்லும் வரையில் இக்குறைக்குப் பரிகாரம் இருக்கவில்லை.

அப்பரிகாரத்தை அளித்தது டைனமோ. தான் உண்டாக்கும் மின்சாரத்தாலேயே தன் காந்தத்தை வலுப்படுத்தும் டைனமோவின் தத்துவத்தை ஜேர்மனியரான வேர்னர் சீமன்ஸ் 1867இல் வெளியிட்டார். இனி நிலக்கரியை ஓரிடத்தில் எரித்து, அங்கே பிறக்கும் மின்சாரத்தை ஓடும் எஞ்சினுக்கு அனுப்பலாம். 1879ஆம் ஆண்டு பேர்லின் பொருட்காட்சியில் அவர் இதனைச் செய்தும் காட்டினார். ஏறக்குறைய 300 மீற்றர் நீளமான வட்டப் பாதையில் சிறிய மின்சார எஞ்சினொன்று மூன்று வண்டிகளில் 18 பேரை இழுத்துச் சென்றது. தண்டவாளங்களுக்கு நடுவே இட்ட இரும்புச் சட்டத்தின் வழியாக மின்சாரம் வந்தது. நான்கு மாதங்களில் 80,000 பேருக்கு மேல் அதிலே ஏறி மகிழ்ந்தனர்.

ஆயினும் வேடிக்கை பார்ப்பது வேறு. பணம் முடக்குவது வேறு. நீராவி எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, புகையிரதக் கம்பனிகள் அதனை ஏன் கைவிட வேண்டும்? இதற்குரிய விடை சுரங்கப் பாதைகளிலிருந்து வந்தது. இலண்டனில் 1863 முதல் நிலத்தின் கீழ் நீராவி வண்டிகள் ஓடின. பிரயாணிகள் புகையிலே மூச்சுத் திணறினர். ஆகவே 1890இல் தேம்ஸ் நதியின் அடியில், ஆழமும் ஒடுக்கமுமான குழாய்ச் சுரங்கம் திறக்கப்பட்டபோது, அங்கே மின்சார எஞ்சின்களே வண்டிகளை இழுத்தன. 1895இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரத்து நெடுஞ்சுரங்கத்திலும் மின்சார எஞ்சின் புகுந்தது. வந்த புகையிரதத்தை அதன் நீராவி எஞ்சினோடு சேர்த்தே அது இழுத்துச் சென்று மறுபுறம் சேர்த்தது. பெரும் பாரந் தாங்கும் பிரதான பாதைக்கும் மின்சாரம் ஏற்றது என்பது இதனால் நிரூபணமாயிற்று.

மருந்து இவ்வாறு கைக்கெட்டிய பின்னரும் நியூயோர்க் நகரத்துச் சுரங்கத்தில் நீராவி எஞ்சின்களே ஓடின. 1902ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதி, புகையும் ஆவியும் மண்டிய அச்சுரங்கத்தில் அபாய விளக்கைக் கடந்து சென்ற வண்டியொன்று, நின்றிருந்த மற்றொரு வண்டியின் பின்புறத்தில் மோதியது. 15 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அதன் பின்னரே, 1908 ஜூலை முதல் அந்நகரின் அப்பகுதியில் நீராவி எஞ்சின் ஓடலாகாது என்று சட்டம் பிறந்தது.

அதே 1902ஆம் ஆண்டில் ஹங்கேரியரான கல்மான் கண்டோ, இத்தாலியின் வால்தெல்லினா மலைப் பாதையில் 3,000 வோல்ற்று மின்சாரத்தைப் பயன்படுத்தி, நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் மின்சார வண்டிகளை ஓடச் செய்தார். முதல் உலக யுத்தத்தில் நிலக்கரிப் பஞ்சத்தால் வருந்திய சுவிற்சர்லாந்து, தன் மலையருவிகளின் ஆற்றலைக் கொண்டு 1920 முதல் கொத்தார்ட் பாதையிலும் மின்சார எஞ்சின்களை ஓட்டியது. சுரங்கத்திற்கு மருந்தாக வந்தது நாட்டிற்கே செல்வமாயிற்று.

டேவிட்சன் 1894 வரை வாழ்ந்தார். இலண்டன் மாநகரின் அடியில் மின்சார வண்டி ஓடிய நாளில் அவர் உயிரோடிருந்தார் என்பது நமக்கு ஆறுதலளிக்கிறது. முதல் முயற்சி நாலு மைல் வேகத்திற்றான் செல்லும். அதனைக் கண்டு வாலிபர் மனந்தளரலாகாது. பெரியோர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. இலண்டனும் பல்ரிமோரும் வழிகாட்டிய பின்னரும், நியூயோர்க்கில் மனித உயிர்கள் பலியான பிறகே மாற்றம் வந்தது. நல்லதென்று தெளிந்த ஒன்றை ஏற்பதற்கு விபத்தொன்று நேரும்வரை காத்திருத்தல் அறமன்று என்பதே நம் துணிபு.