ஒரு மூச்சு, ஒரு வால்வ்: பழைய ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்தபோது

போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்கினேன். வித்தவர் "நல்ல கண்டிஷன்"னு சொன்னார். வெளியே குரோம் பூச்சு பளபளன்னுதான் இருந்தது. சர்வீஸ் பண்றவர் அதை வாங்கி, சிலிண்டரில் மாட்டும் வாய்க்குள்ளே இருக்கிற குட்டி ஃபில்டரை டார்ச் அடிச்சுப் பார்த்தார். பச்சையா இருந்தது. "உள்ளே உப்புத் தண்ணி போயிருக்கு தம்பி"ன்னார். பிரிச்சா, பித்தளை முழுக்கக் களிம்பு.

அதை அப்படியே மாட்டிக்கிட்டு நான் கடலுக்குள் போயிருப்பேன். அந்த பயத்தில்தான் இந்தக் கருவியோட வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன்.

முதலில் இது என்ன செய்யுதுன்னு பார்த்துடலாம். முழுசா நிரப்பிய சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். அதை நேரடியா வாயில் வாங்க முடியாது. நீங்க இருக்கிற ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு அழுத்துதோ, அதே அழுத்தத்தில், நீங்க இழுக்கும்போது மட்டும் காற்று வரணும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஆழம் மாற மாற, காற்றின் அழுத்தமும் தானாக மாற வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் கடல்காரர் இல்லை, சுரங்க என்ஜினியர். பிரான்சின் எஸ்பாலியோன் ஊரைச் சேர்ந்த பெனுவா ரூக்கெரோல். விஷவாயு நிறைந்த சுரங்கத்துக்குள் ஆட்களைக் காப்பாற்றப் போகிறவர்கள் மூச்சு விடுவதற்காக, 1860-ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் ஒரு மெல்லிய சவ்வு. மூச்சை இழுத்தால் சவ்வு உள்ளே குழியும், வால்வைத் திறக்கும். நிறுத்தினால் வால்வ் மூடிக்கொள்ளும். கடற்படை அதிகாரி ஓகஸ்த் தெனெய்ரூஸோடு சேர்ந்து, 1864 வாக்கில் அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோனார்கள். ஆனா அந்தக் காலத்து உருளைகள் பெரிய அழுத்தம் தாங்காது. அதனால் பெரும்பாலும் மேலே படகிலிருந்து பம்ப் அடித்து, குழாய் வழியாகத்தான் காற்று வந்தது.

அடுத்த காட்சி, 1942 பாரிஸ். ஜெர்மன் ஆக்கிரமிப்பு. பெட்ரோல் கிடைப்பதே அபூர்வம். கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். ஏர் லிக்கீட் நிறுவனத்தில் எமில் கான்யான் என்ற என்ஜினியர், என்ஜின் கேட்கிற அளவுக்கு மட்டும் வாயுவைக் கொடுக்கும் ஒரு வால்வ் செய்து வைத்திருந்தார். அந்த நிறுவனத்தில் உயர்பதவியில் இருந்தவரின் மருமகன், கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ. என்ஜினுக்குப் பதிலா மனுஷனுக்கு இதே மாதிரி காற்று கொடுக்க முடியுமான்னு இருவரும் சேர்ந்து முயன்றார்கள்.

முதல் சோதனை பாரிஸ் பக்கத்தில் மார்ன் ஆற்றில். சொதப்பல்! நிமிர்ந்து நின்றால் காற்று வீணாக வெளியே கொட்டியது. தலைகீழாகப் போனால் மூச்சே இழுக்க முடியவில்லை. காரணம், மூச்சை வெளியே விடும் வழி ஒரு உயரத்தில், சவ்வு இன்னொரு உயரத்தில். சில சென்டிமீட்டர் வித்தியாசம்தான். ஆனா தண்ணீருக்குள் அந்தச் சில சென்டிமீட்டரே அழுத்தத்தை மாற்றிவிடும். வெளியேறும் வழியைச் சவ்வுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. 1943 கோடையில் மத்தியதரைக் கடலோரம் பாந்தோலில் கூஸ்தோ அதை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்தக் கருவியில் வாய்க்கு ரெண்டு பக்கமும் தடிமனான குழாய் இருக்கும். இன்னைக்கு நாம பார்க்கிற ஒற்றைக் குழாய் வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த டெட் எல்ட்ரெட். 1952, பெயர் 'போர்பஸ்'. சிலிண்டர் பக்கம் முதல் நிலை, வாய்ப் பக்கம் இரண்டாம் நிலை. முதல் நிலை, 200 பாரைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கும். மீதியை இரண்டாம் நிலை பார்த்துக்கொள்ளும். என் மேசையில் பிரிஞ்சு கிடந்ததும் இதே குடும்பம்தான்.

சர்வீஸ் மேசையில் நான் கத்துக்கிட்டது இங்கேதான். உலோகப் பாகங்கள் நல்லா இருந்தா, பல பத்தாண்டு தாங்கும். சீக்கிரம் கெடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்: ஓ-ரிங், சவ்வு, மூச்சு வெளியேறும் இடத்தில் இருக்கிற காளான் வடிவ வால்வ், அப்புறம் முதல் நிலையில் உள்ள சின்ன சீட். அவர் பாகங்களை அமிலம் கலந்த கரைசலில் போட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் களிம்பை எடுத்தார். புது ஓ-ரிங் போட்டு மூட்டி, அழுத்தமானியை மாட்டினார். "முள்ளைப் பாருங்க, நின்ன இடத்துல நிக்கணும்." மெல்ல மெல்ல மேலே ஏறினால், சீட் கசியுதுன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயமும் சொன்னார். இப்போது வருகிற பெரும்பாலான ரெகுலேட்டர்களின் இரண்டாம் நிலை வால்வ், காற்று வரும் திசையிலேயே திறக்கும். கெட்டுப்போனால் காற்று நிற்காது, கொட்டும். சிலிண்டர் சீக்கிரம் காலியாகும், ஆனா மேலே வர வாய்ப்பு இருக்கும். அதனால் 'உஸ்ஸ்'னு சத்தம் கேட்டா எரிச்சல்படாதீங்க, அது எச்சரிக்கை.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. பல நிறுவனங்கள் சர்வீஸ் கிட்டை அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விற்கின்றன. பழைய மாடலுக்குக் கிட் வருவதே நின்னுபோனா, நல்ல பித்தளையும் எடைக்குத்தான் போகும். தப்பா மூட்டினால் ஒருவர் மூழ்கலாம் என்பது நிறுவனங்களின் பக்கத்து நியாயம். அதை நான் மறுக்கலை. ஆனா சுரங்கத்துக்கான யோசனையைக் கடலுக்கும், கார் வால்வைக் மனுஷ மூச்சுக்கும் மாற்றியவர்கள், கையில் இருந்ததைப் பிரிச்சுப் பார்த்தவர்கள்தானே. கிட் எல்லாருக்கும் வேண்டாம். முறையாகக் கத்துக்கிட்ட எவருக்கும் கிடைக்கணும், அவ்வளவுதான்.

என் ரெகுலேட்டர் பிழைச்சதா? முதல் நிலையின் உட்பகுதியில், சீட் அழுந்தி உட்காரும் விளிம்பை உப்பு அரிச்சிருந்தது. "இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன்"னு மூடிக் கொடுத்துட்டார். சர்வீஸ் காசும் வாங்கலை. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போறீங்களா? குரோமைப் பார்க்காதீங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபில்டரைப் பாருங்க. அது பச்சையா இல்லைன்னாலும், சர்வீஸ் பண்ணாம தண்ணியில் இறங்காதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.