வடகோடியில் ஓர் ஊர்

பம்பாயில் வாழும் தமிழர் ஒருவர் "ஊருக்குப் போகிறேன்" என்றால், அவர் தெற்கு நோக்கிப் பயணமாகிறார் என்பது பொருள். "கோட்டைக்குப் போகிறேன்" என்றாலும் தெற்கே போகிறார் என்பதே பொருள். முன்னது இரண்டு இரவுப் பயணம்; பின்னது எட்டு மைல். நம்மவர் குடியேறிய மாதுங்காவும் சயானும் தாராவியும் இந்நகரின் வடகோடியாக இருந்தமையால் எழுந்த வழக்கு இது. இன்று மாநகராட்சியின் எல்லை தகிசரையும் முலுந்தையும் தொட்டு நிற்கிறது. தாராவி நகரின் நடுப்பகுதியாகி விட்டது. ஆயினும் முதியோர் வாயில் 'கோட்டை' இன்னும் தொலைவில் உள்ள ஓர் ஊர்தான். அத்தொலைவு எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு சுருங்கிற்று என்பதனை இவ்வாண்டு மலரில் ஒருவாறு எழுதலாமென்று முற்பட்டேன்.

போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1661ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தின் வழியே இரண்டாம் சார்லசு மன்னனுக்கு வந்த இத்தீவுக் கூட்டத்தை, அவன் 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் விட்டுவிட்டான் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. கம்பெனியார் தென்முனையில் மதில் எழுப்பி அதனுள் வாழ்ந்தனர். வடமுனையில் அவர்க்கு வேண்டியிருந்தது காவல் ஒன்றே. சயான் குன்றின்மேல் ஒரு கோட்டை. மாகிம் கரையில் ஒரு கோட்டை. இவ்விரண்டிற்கும் இடையே தாராவிக் கழிமுகத்தில் ரீவா என்றும் காலா கில்லா என்றும் வழங்கும் சிறு கோட்டை. இம்மூன்றாவதனைக் கவர்னர் ஜான் ஹார்ன் 1737இல் கட்டுவித்ததாக அதன் கல்வெட்டுக் கூறுகிறது. அதே ஆண்டில்தான் மராட்டியப் படை எதிர்க்கரையிலிருந்த சாஷ்டித் தீவினுள் புகுந்தது. ஆகவே யாருக்கு அஞ்சி எழுந்த சுவர் அது என்பதை விளக்க வேண்டுவதில்லை. தாராவி அப்போது கோலி மீனவரின் சிற்றூர். பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக 1909ஆம் ஆண்டின் கெஜட்டியர் அதனைக் குறிப்பிடுகிறது.

கோட்டையிலிருந்து இவ்வடகோடிக்கு வருவது ஒரு பகற்பொழுதின் வேலை. செல்வர்கள் பல்லக்கிலும், பிற்காலத்தில் 'சிக்ராம்' என்னும் மூடுவண்டியிலும் வருவர். ஏனையோர்க்கு மாட்டுவண்டி அல்லது கால்நடை. பரேலில் கவர்னருக்கு நாட்டுப்புற மாளிகை ஒன்று இருந்தது என்பதிலிருந்தே, பரேலுக்கு அப்பால் நகரம் இல்லை என்பது தெளிவாகும். அதனைக் கடந்தால் பனையும் தென்னையும். பின்னர் மாதுங்கா, சயான் நெல்வயல்கள். அதற்கும் அப்பால் கடல் ஏறி இறங்கும் சதுப்பு. யானைகளைக் கட்டிய இடமாதலின் 'மாதங்கம்' மாதுங்கா ஆயிற்று என்று பெயர்க்காரணம் சொல்வாருளர். கேட்பதற்கு இனிய கதைதான், சான்றுதான் கிடைப்பதில்லை.

சதுப்பைத் தாண்ட முதலில் அமைந்தது சயானிலிருந்து குர்லாவுக்கு இட்ட கற்பாதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜோனதன் டங்கன் கவர்னராக இருந்த காலத்தில் அது முடிவுற்றது. மேற்கே மாகிமிலிருந்து பாந்திராவுக்குச் செல்வோர் படகையே நம்பியிருந்தனர். அங்கே பாதையமைக்கச் சர் ஜம்செட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் ஆவாபாய் அம்மையார் 1,57,000 ரூபாய் அளித்தார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் இட்ட நிபந்தனை. 1845இல் அப்பாதை திறக்கப்பட்டது. இன்றும் அவ்வழியே பேருந்தில் போகின்ற நம்மவர் எத்தனை பேர் அவ்வம்மையாரை நினைக்கின்றனர்?

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணா நோக்கிப் புறப்பட்ட இந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி, பதினான்கு பெட்டிகளில் நானூறு விருந்தினரைச் சுமந்துகொண்டு, சயான் சதுப்பின் மேலிட்ட கரை வழியாகவே சென்றது. ஒரு நாள் வழி ஒரு மணி நேரத்துள் அடங்கிற்று. ஆனால் வண்டி வந்ததனால் ஊர் உடனே வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது வேறொன்று. தன் கண்ணுக்கும் மூக்கிற்கும் வேண்டாதவற்றை எல்லாம் அனுப்பி வைக்கத் தக்க இடம் ஒன்று வடக்கே உண்டென்று நகரம் கண்டுகொண்டது. 1890இல் வீடற்ற தொழுநோயாளர்க்கான மனை மாதுங்காப் பக்கத்தில் எழுந்தது. தோல் பதனிடும் சாலைகள் நகருக்குள்ளிருந்து தாராவிக்குப் பெயர்ந்தன. முதற் சாலை 1887இல் வந்தது என்பர். இறைச்சிக் கூடம் பாந்திராவில் இருந்தது. ஆதலின் பச்சைத் தோல் அருகிலேயே கிடைத்தது. கழிமுகத்தில் நீர் கிடைத்தது. குறைகூற அண்டை வீட்டார் எவரும் இலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஓர் இருப்புப்பாதை இட்டனர். மக்கள் செல்வதற்கு அன்று. நகரத்தின் குப்பையைச் சுமப்பதற்கு! 1924இல்தான் அப்பாதையில் பயணிகள் ஏறினர்.

இந்த இடத்திற்றான் திருநெல்வேலியான் வந்து சேர்ந்தான்.

1871இல் கிரேட் இண்டியன் பெனின்சுலா ரெயில்வேயும் சென்னை ரெயில்வேயும் ராய்ச்சூரில் கைகோத்தன. 1876இல் திருநெல்வேலிக்கு இருப்புப்பாதை வந்தது. அதே ஆண்டில் தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. பாதையும் பசியும் ஒருங்கே வந்தன எனலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வணிகம் அறிந்த முஸ்லிம் பெருமக்களும், தோல் வேலை அறிந்த ஆதி திராவிட மக்களும் தாராவிக்கு வந்தனர். தாராவிப் பெரிய பள்ளிவாசல் 1887இல் தொடங்கியதென்றும், கணேசர் கோயில் 1913இல் எழுந்ததென்றும் கூறுவர். இவ்விரண்டு ஆண்டுகளையும் நோக்கின், வந்தவர்கள் திரும்பிப் போகும் எண்ணத்தை எப்போது கைவிட்டனர் என்பது ஒருவாறு புலப்படும்.

அப்பயணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து சென்னை வரை சிறிய பாதை. அங்கே இறங்கி, மூட்டையும் குழந்தையுமாகச் சென்னையைக் கடந்து அகலப் பாதை வண்டியைப் பிடிக்க வேண்டும். பிறகு அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல். ராய்ச்சூர் வந்ததும் தமிழ் நின்றுவிடும்; தண்ணீர் கேட்கவும் சைகைதான். வாடி, சோலாப்பூர், பூனா எனச் சென்று, 1863இல் திறந்த போர் மலைச்சரிவில் குகைகளுக்குள் நுழைந்து கர்ஜத்தில் இறங்கும். சரிவின் செங்குத்தைச் சமாளிக்க, வண்டி ஓரிடத்தில் நின்று இயந்திரத்தை மறுமுனையில் மாட்டிக்கொண்டு திசை மாறிச் செல்லும் ஏற்பாடு 1929 வரை இருந்தது. முதன்முறை வருபவன் வண்டி திரும்பி ஊருக்கே போகிறதென்று எண்ணியிருப்பின் அவனைக் குறை சொல்ல இயலாது. இன்று நாகர்கோவிலுக்கு மும்பையிலிருந்து நேராகவே வண்டி ஓடுகின்றது. கட்டுச்சோறும் புளியோதரையும் கொண்டு செல்லும் வழக்கம் மட்டும் பலரிடத்தும் மாறவில்லை.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், மாதுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டிற்கு எதிரே தோல்சாலையில் வேலை செய்து ஓய்ந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மாலை வேளைகளில் அவருக்கு ஊர்க்கடிதம் படித்துக் காட்டுவதும், மணியார்டர் படிவம் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. அவர் கைகள் முழங்கை வரை பழுப்பேறியிருக்கும். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை வழித்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்ட தொட்டியில் நாட்கணக்காகப் புரட்டிப் புரட்டிப் போடும் வேலை அவருடையது. சுண்ணாம்பு அரித்த விரலும், பட்டை ஏற்றிய நிறமும் சாகும்வரை போகா. "தம்பி, ஊருக்கு நாலு தடவை போய் வந்திருக்கேன். இந்தக் கோட்டைக்கு ரெண்டு தடவைதான் போயிருக்கேன்" என்று ஒருநாள் சொன்னார். நாற்பது ஆண்டு பம்பாயில் வாழ்ந்தவர் அவர்! அக்காலத்தில் தாதரிலிருந்து போரிபந்தருக்கு டிராம் ஓடிக்கொண்டிருந்தது. 1964 மார்ச் 31ஆம் நாள் கடைசி வண்டி ஓடி நின்றது. அதில் ஏறிச் சென்று வரப் பொழுதும் இல்லை. சென்று காண வேண்டியது அங்கு ஒன்றும் இல்லை என்பது அவர் கருத்து.

அன்றாட வாழ்வு எவ்வாறிருந்தது? விடியுமுன் குழாயடி. வரிசையில் குடங்கள் நிற்கும். ஆட்கள் நிற்க வேண்டுவதில்லை. மழைக்காலம் நான்கு மாதமும் குடிசைக்குக் குடிசை பலகைப் பாலம். சதுப்பில் வீடு கட்டுவதாயின் முதலில் நிலத்தைத் தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தேங்காய் மட்டையும், சாம்பலும், குப்பையும், உடைந்த ஓடும் கொண்டு ஆண்டுக்கொரு சாணாக உயர்த்தினர். அடுத்த மழையில் அது பாதி கரையும், மறுபடியும் கொட்டுவர். அரசாங்கத்தின் நிலம் என்று பதிவேடு கூறும். உண்மையில் அரசாங்கத்துக்கு உரிமையாக இருந்தது நீர்; நிலம் இம்மக்கள் செய்தது. தைத் திங்கள் முதல்நாளில் தெருவை அடைத்து வரிசை வரிசையாகப் பெண்கள் பொங்கலிடும் காட்சியைத் தொண்ணூறடிச் சாலையில் கண்டவர், இதற்கு இணையான ஒன்றைத் தமிழ்நாட்டு நகரங்களிலும் காணல் அரிது என்பர்.

தண்டவாளத்திற்கு இப்பால் மாதுங்காவின் கதை வேறு. 1896இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக 1898இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் பிறந்தது. தாதர், மாதுங்கா வயல்களை மனைகளாக்கி, அகன்ற தெருவும் மரமும் பூங்காவுமாக அமைத்தது அந்த டிரஸ்டே. 1915இல் மாதுங்கா ரெயில்வே பட்டறை வந்தது. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினசிலிருந்து துறைமுகப் பாதையில் குர்லா வரை நாட்டின் முதல் மின்சார வண்டி ஓடியது. கோட்டையில் அலுவல் பார்க்கும் குமாஸ்தாவுக்கும் சுருக்கெழுத்தருக்கும் வடகோடி இனித் தொலைவன்று. அவர்களை நம்பிச் சாப்பாட்டு விடுதிகள் வந்தன. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. 1952இல் சண்முகானந்த சபை தோன்றி, 1963இல் அதன் பேரரங்கு திறக்கப்பட்டது. 1990இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் எழுந்தது. செம்பூரின் வளர்ச்சி இன்னும் பிற்பட்டது. பிரிவினைக்குப் பின் அகதிகள், 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 1956இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை. இவற்றை அடுத்தே தமிழ்க் குடும்பங்கள் அங்கு மிகுதியும் பெருகின.

இவ்விடத்தில் ஒரு குறையைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. நம் சங்கங்களின் மலர்களைப் பழைய கட்டுகளிலிருந்து எடுத்துப் புரட்டினேன். மாதுங்காவின் சபைகளும் கச்சேரிகளும் பக்கம் பக்கமாக உள்ளன. தாராவித் தோல்சாலை ஒன்றின் பெயர்தானும் நான் பார்த்தவற்றுள் இல்லை. தண்டவாளம் ஒன்றுதான் இடையே. ஆயினும் சாதியும் சம்பளமும் அதனை அகன்ற ஆறாக்கிவிட்டன. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி எழுந்தபோது, கல்லெறிந்தவர்கள் விடுதிக்காரரையும் தோல்காரரையும் வேறுவேறாகப் பார்க்கவில்லை. நாம்தான் பார்த்தோம்.

தோல்சாலைகள் இன்று அங்கில்லை. 1971இல் இறைச்சிக் கூடம் தேவனாருக்குப் போயிற்று. பின்னர்ப் பதனிடும் தொட்டிகளும் அவ்வாறே அகன்றன. பைகளும் செருப்பும் தைக்கும் தொழில் மட்டும் தாராவியில் நிலைத்தது. கழிமுகத்தின் மறுகரையில் 1970களின் பிற்பகுதியிலிருந்து பாந்திரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. அதனால் எவரும் விரும்பாத சதுப்பு, எல்லோரும் விரும்பும் மனையாயிற்று. 1985இல் ராஜீவ் காந்தி அறிவித்த நூறு கோடியில் ஒரு பங்கு தாராவிக்கு வந்தது. 2004இல் முழுச் சீரமைப்புத் திட்டம் வந்தது. 2022இல் அதற்கான ஏலம் முடிந்தது. 2000ஆம் ஆண்டு சனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்குச் சான்று காட்டுவோர்க்கு அங்கேயே வீடு, மற்றவர்க்கு வெளியிடத்தில். அவ்வெளியிடத்திற்கென 2024இல் ஒதுக்கிய நிலங்கள் யாவை எனின், உப்பளங்களும் தேவனார்க் குப்பைமேடும்! செம்பூருக்குக் குப்பை வண்டி ஓடிய நூற்றாண்டுப் பழங்கதையை முன்னே கூறியதன் காரணம் இதுவே.

சான்று என்று கேட்கின்றனர். எங்கள் அண்ணாச்சியிடம் இருந்த சான்றுகள் மணியார்டர் ரசீதுகளே. ஒவ்வொரு திங்களும் தாராவி அஞ்சலகத்தின் முத்திரை பதிந்தவை. அவற்றை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அவர் மறைந்த பின் பெட்டி அவர் பேரனிடம் இருந்தது. 2005 சூலைப் பெருவெள்ளத்தில் மீட்டி நதி அதனைக் கொண்டுபோய்விட்டது. இப்படி நம்மவர் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, டிராம் சீட்டு, தோல்சாலைச் சம்பளப் புத்தகம் ஆகியவற்றைப் படியெடுத்து வைக்கச் சங்கம் முன்வருமாயின், முதல் படியெடுக்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்வேன். என் கண்பார்வை இன்னும் சில ஆண்டுகள் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

போன திங்கள் ஒரு காலையில் காலா கில்லாவைத் தேடிச் சென்றேன். சுவர் கருத்து, செடி முளைத்து, கட்டடங்களுக்கிடையே மறைந்து நிற்கிறது. பகைவர் வரும் வழியைப் பார்க்கக் கட்டிய கோட்டையிலிருந்து இப்போது பார்க்கக் கிடைப்பது அடுத்த கட்டடத்தின் பின்சுவர்தான். தீவின் கடைசி எல்லையாக நின்ற அக்கோட்டையின் பெயரையே பெஸ்ட் நிறுவனத்தார் தங்கள் பேருந்துப் பணிமனை ஒன்றுக்கு இட்டனர். வழி கேட்டபோது, சிறுவன் ஒருவன் நல்ல திருநெல்வேலித் தமிழில், "கோட்டைக்கா தாத்தா? கோட்டைக்குப் பஸ் அந்தப் பக்கம் நிக்கும்" என்று தெற்கே கை காட்டினான்.