கட்டற்ற மாற்று மென்பொருள்கள் (தமிழ்நாடு)

மூலநிரல் மறைக்கப்பட்டு, உரிமம் வாங்கினால் மட்டுமே கிடைக்கும் மென்பொருள்களுக்குப் பதிலாக, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருபவை கட்டற்ற மாற்றுகள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இவற்றுக்கு அடித்தளம். மைக்ரோசாப்ட் ஆபிஸுக்கு லிப்ரே ஆபிஸ், போட்டோஷாப்புக்குக் கிம்ப், கோரல்டிராவுக்கு இங்க்ஸ்கேப், பேஜ்மேக்கருக்கு ஸ்கிரைபஸ் என ஏறத்தாழ எல்லா வேலைக்கும் இன்று ஒரு மாற்று உண்டு.

தமிழ்நாட்டில் இவை வேர்பிடித்ததில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு. மேல்நிலைக் கணினிப் பாடநூல் 2000களிலேயே, ஓப்பன் ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலகத் தொகுப்புக்கு மூலமான ஸ்டார் ஆபிஸைக் கற்பித்தது. 2006ஐ ஒட்டி மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றினார். நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி இதுவே. இயங்குதளத்தோடு பயிற்சியும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். மெய்யான பயன் அதில்தான் இருந்திருக்கும்.

2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் உபுண்டுவையும் ஓப்பன் ஆபிஸையும் சேர்த்துக்கொண்டன. ஆனால் ஓப்பன் ஆபிஸை நடத்திவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின், 2010லேயே ஓப்பன் ஆபிஸின் முக்கியப் பங்களிப்பாளர்கள் பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கியிருந்தனர். பாடநூல் அதையே தேர்ந்திருந்தால் மாணவர்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அரசு தராத ஒன்றைத் தன்னார்வலர் தந்தனர். முகுந்தராஜ் முன்னின்ற 'தமிழா' குழு ஓப்பன் ஆபிஸைத் தமிழாக்கியது. எ-கலப்பை என்னும் தட்டச்சுக் கருவியையும் அளித்தது. எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற தனியுரிமப் பொறியைச் சார்ந்திருந்தன. பின்னர் அது முழுமையாகக் கட்டற்ற மென்பொருளாகப் புதிதாக எழுதப்பட்டது. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பைத்தான் போன்றவற்றை எளிய தமிழில் விளக்கி, ஆங்கிலம் தடையாக இருந்தவர்களுக்கு வாசலைத் திறந்தது.

மாற்றம் மிக மெதுவாக நடந்த இடம் டிடிபி மையங்கள். அழைப்பிதழும் துண்டறிக்கையும் அடிக்கும் இக்கடைகள், 2001இல் கடைசிப் பெரும் பதிப்பு கண்ட பேஜ்மேக்கரைப் பல ஆண்டுகள் கைவிடவில்லை. பழக்கம் மட்டும் காரணமன்று. பேஜ்மேக்கர் ஒருங்குறித் தமிழை அறியாது. ஆகவே எழுத்துகளைத் தத்தம் போக்கில் குறியேற்றம் செய்த பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடந்தது. மாற்றாக அமைந்த ஸ்கிரைபஸும் நெடுங்காலம் ஒருங்குறித் தமிழைச் சரியாக அடுக்கவில்லை: 'கெ', 'கொ' போன்றவற்றில் முன்னே வரவேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் விழுந்தது. 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற எழுத்து அடுக்கும் பொறியைச் சேர்த்த பிறகே இக்குறை தீர்ந்தது, நிலையான 1.6 பதிப்பு 2024இல் வெளியானது. தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றிருந்தாலும், அதற்கு முன் தட்டச்சான கோப்புகளைப் புதிய மென்பொருளில் திறக்குமுன் ஒவ்வொன்றையும் குறியேற்றம் மாற்றியாக வேண்டும்.