திரைக்குப் பின்னால் ஒரு டிராம்போன்

2021 ஜனவரியில் ஓர் இரவு. மதுரையில் என் மேசை முன் அமர்ந்து தேர்வுக்குழுவாக நடித்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியின் மறுமுனையில், நியூஜெர்சியில், டிராம்போனோடு என் தங்கை மகள். பல்கலைக்கழக இசைப்பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வும் நேர்காணலும் கொரோனாவால் காணொளிக்கு மாறியிருந்தன. "சிரிக்காதீங்க பெரியம்மா, அவங்க மாதிரியே மூஞ்சிய வச்சுக்கோங்க" என்றாள்.

முதலில் அவள் நீட்டிப் பிடித்த சுரங்கள் பாதியில் காணாமல் போயின. பேச்சுக்காக உருவான செயலி, மாறாமல் நீளும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்தோம். வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறினாள். டிராம்போனின் வாய் நேராக மைக்கைப் பார்த்தால் ஒலி பிளக்கிறது. தள்ளி, சற்றுத் திரும்பி நின்றாள். முன்னதாக அனுப்பும் பதிவில் வெட்டு ஒட்டு கூடாது, முகமும் கையும் சட்டகத்துக்குள் தெரிய வேண்டும் என்பது விதி.

அப்போது தங்கையின் குரல் கேட்டது: "பின்னாடி சாமி படம் தெரியுது, எடுத்துடு. முடியைக் கட்டு. கொஞ்சம் சிரிச்ச முகமா இரு."

"நான் வாசிக்கிறதக் கேப்பாங்களா, வீட்டப் பாப்பாங்களா?" என்றாள் மகள்.

அவளுக்கு அன்று ஆபி கோனன்ட்டின் கதையைச் சொன்னேன். அமெரிக்க டிராம்போன் கலைஞர். 1980இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவிலிருந்து அவருக்கு வந்த அழைப்புக் கடிதம் 'திருவாளர்' என்று விளித்திருந்தது. போட்டியாளர் ஒருவர் குழுவினருக்குத் தெரிந்தவரின் மகன் என்பதால், யாரென்று தெரியாதபடி எல்லோரும் திரைக்குப் பின்னால் நின்று வாசித்தனர். 33 பேரில் 16ஆவதாக வாசித்த கோனன்ட் தேர்வானார். திரை விலகியதும் பெண்ணைக் கண்டு திகைத்தார்கள்.

1981இல் அவரை முதல் டிராம்போனிலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். அந்த இடத்துக்கு ஆண்தான் வேண்டும் என்பது இசை இயக்குநர் செலிபிடாக்கேயின் நிலை. கோனன்ட் நீதிமன்றம் போனார். தன் மூச்சுக்கு வலுவுண்டு என்று நிரூபிக்க நுரையீரல் சோதனைகூடச் செய்துகொண்டார். 1988இல் முதல் இடம் திரும்பக் கிடைத்தது. ஆண்களுக்கு நிகரான ஊதியத்துக்கு 1993 வரை போராட வேண்டியிருந்தது. பிறகு ட்ரொஸிங்கன் இசைக் கல்லூரியில் பேராசிரியரானார்.

அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி 1952லேயே தேர்வில் திரை கட்டியது. எழுபது, எண்பதுகளில் வேறு பல குழுக்களும் அதைப் பின்பற்றின. காலணிச் சத்தம் பெண்ணென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் சில இடங்களில் கம்பளமும் விரித்தார்கள். அந்நாட்டின் முதல் ஐந்து இசைக்குழுக்களில் 1970இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்கள் 1997இல் 25 விழுக்காடானார்கள். இதில் திரையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் கோனன்ட்டின் வாழ்க்கை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: திரை ஒரு பெண்ணை உள்ளே விடும், உள்ளே வந்தபின் அவள் இடத்தைக் காக்காது.

வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக்க 1997இல்தான் ஒப்புக்கொண்டது. முதல் உறுப்பினரான ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கஸ் அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர். தொலைக்காட்சியில் தன் கைகளை மட்டுமே காட்டினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கணினித் திரை மறைக்கும் திரையல்ல. பெண்ணின் முகம், நிறம், பெயர், வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் அது ஒரே சட்டகத்தில் வைத்துவிடுகிறது.

அடுத்து நேர்காணல் ஒத்திகை. "இவ்வளவு பெரிய வாத்தியம் உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். விரிவுரையாளர் பணிக்கு நான் போன நேர்காணல் ஒன்றில், என் ஆய்வேட்டைத் திறக்காமலே "குழந்தையை யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டார்கள். மாமியார் இருக்கிறார் என்று பவ்யமாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக இன்றும் கூசுகிறேன்.

"நான் ஜிம்முக்குப் போறேன், தூக்க முடியும்" என்றாள் அவள்.

"நீ எதுக்கும்மா உடம்புக்குச் சாட்சி சொல்ற? வாத்தியத்தப் பத்திப் பேசு."

கொஞ்சம் யோசித்தாள். "இதுல கட்டை கிடையாது பெரியம்மா. சுரம் எங்க இருக்குன்னு காதுதான் கண்டுபிடிக்கணும். எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றாள்.

அந்தப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறொன்றில் கிடைத்தது. தேர்வன்று அவள் சுவரிலிருந்து எடுத்தது கடிகாரத்தை மட்டும்தான். அதன் டிக்டிக் மைக்கில் விழுந்தது. சாமி படம் இருந்த இடத்திலேயே இருந்தது. "அது சத்தம் போடலையேம்மா" என்றாளாம் தன் அம்மாவிடம்.